பெரிய மனையில் பழைய வீடு: மதுரைப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சோழவந்தான் பக்கம் 18 சென்ட் மனையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் திருமங்கலம், மேலூர், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் ரோடு என்று பதினொரு வீடு பார்த்திருப்பேன், அதில் இரண்டுக்கு அட்வான்ஸ் கையில் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்திருக்கிறேன். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் யாராவது வீடு பார்க்கப் போனால் எனக்குத்தான் போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள். நான் வக்கீலும் இல்லை, இன்ஜினியரும் இல்லை, இரண்டு பேருக்கும் பீஸ் கொடுத்துக் கற்றுக்கொண்டவன்.

விலையை எப்படிப் பார்ப்பது? வீட்டுக்கா, இடத்துக்கா?

இடத்துக்கு. அந்த ஏரியாவில் சென்ட் என்ன விலைக்குக் கைமாறுகிறதோ அதைச் சென்ட்டால் பெருக்குங்கள், அதுதான் அடிப்படை. கட்டி ஐம்பது வருடம் தாண்டிய வீட்டுக்கு நான் தனியாக விலை போட மாட்டேன், மரச்சாமான் நல்ல தேக்காக இருந்தால் அதற்கு மட்டும் ஏதாவது சேர்ப்பேன். விற்பவர் "எங்க தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டினது" என்பார். தாத்தா மேல் எனக்கும் மரியாதைதான், ஆனால் ஒழுகுகிற கூரையைப் பிரித்து மேயப் போவது நான்.

இன்னொன்று. வீட்டில் என்ன பழுது இருந்தாலும் ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிப்போய்க் காட்டினால் தொகை தெரிந்துவிடும். மனை மேல் அடுத்தவருக்கு இருக்கும் உரிமைக்கு அப்படித் தொகை போட முடியாது. அதனால்தான் கீழே விரிசலைவிடக் காகிதத்தைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன்.

பத்திரத்தில் 18 சென்ட், பட்டாவில் 0.07.00 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 7 ஏர்ஸ் என்றால் 17.3 சென்ட்தான் வரும். ஒரு சென்ட் 435.6 சதுரடி, ஆக இங்கே முன்னூறு சதுரடிக்கு மேல் காணாமல் போகிறது. ஒரு கார் ஷெட்டும் பாத்ரூமும் கட்டுகிற இடம் அது.

இந்த வித்தியாசம் பல வகையில் வரும். பழைய பத்திரத்தில் கெஜக்கணக்கிலோ முழக்கணக்கிலோ எழுதியதைப் பின்னால் வந்தவர் தோராயமாகச் சென்ட் ஆக்கியிருப்பார். 80களில் வருவாய்த்துறை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் கணக்கெடுப்பில் அளவோ பெயரோ தப்பாக ஏறியிருக்கும், அதைத் திருத்த தாலுகா ஆபீஸில் தொடங்கி மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) வரைக்கும் நடக்க வேண்டி வரலாம். அல்லது ரோட்டுக்குக் கொஞ்சம் போயிருக்கும். அல்லது பக்கத்து வீட்டுக்காரர் வேலி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு அடி உள்ளே வந்திருப்பார்.

செய்ய வேண்டியது: பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசு இணையதளத்தில் எடுத்துக்கொண்டு, சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றச் சொல்லுங்கள், விற்பவரும் பக்கத்து மனைக்காரர்களும் இருக்கும்போதே. பத்திரத்தின் கடைசியில் செக்குபந்தி இருக்கும், இன்னாருக்கு வடக்கு, இன்னாருக்குக் கிழக்கு, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்து பாருங்கள். "கிழபுறம் வண்டிப்பாதை" என்று பத்திரம் சொல்லி, அங்கே இப்போது ஒரு மாட்டுக்கொட்டகை நின்றால் அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கும் வீடு என்றால் பெரும்பாலும் கிராம நத்தமாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக இருக்கும். அதில் தோராயப் பட்டாவா (தற்காலிகமானது), தூய பட்டாவா (இறுதியானது) என்று பாருங்கள். பழைய வீட்டுக்காரர் பலரிடம் பட்டாவே இருக்காது, வீட்டு வரி ரசீதை நீட்டுவார்கள். வரி ரசீது குடியிருப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது.

ஈசி சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். போதாதா?

போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான விஷயம் மட்டும்தான் வரும். கோர்ட்டில் நடக்கிற பாகவழக்கு, பதியாத உயில், வாய்ப் பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கும் ஒத்தி, எதுவும் வராது. ஆன்லைனில் பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துக் கையால் தேடி வாங்க வேண்டும். வங்கிக்காரர்கள் முப்பது வருடம் கேட்பார்கள். பழைய வீட்டுக்கு நான் அதோடு நிற்க மாட்டேன், மூலப்பத்திரம் எந்த வருடமோ அது வரைக்கும் போவேன்.

மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டி "அசல் அண்ணன்கிட்ட இருக்கு" என்றால், அண்ணன் எங்கே, எதற்காக வைத்திருக்கிறார், எங்காவது அடகில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டு கோர்ட் வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்கள். காசு செலவில்லை, பத்து நிமிட வேலை.

விற்பவருக்கு இரண்டு அக்கா. கையெழுத்து வேண்டுமா?

வேண்டும். யார் என்ன சொன்னாலும் வேண்டும்.

"அவுகளுக்கு கல்யாணத்துல நகை போட்டாச்சு, பங்கெல்லாம் கிடையாது" என்பது நான் பார்த்த பதினொரு வீட்டில் ஐந்தாறு வீட்டில் கேட்ட வாக்கியம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அதுவரை திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது, அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும்.

வாரிசில் மைனர் பிள்ளை யாராவது இருந்தால் அவர் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் அம்மாவோ அப்பாவோ போட்ட கையெழுத்தை அந்தப் பிள்ளை 18 வயதுக்குப் பிறகு மூன்று வருடத்துக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம். நான் திரும்பி வந்த இரண்டு வீட்டில் ஒன்று இதனால்தான். இறந்துபோன தம்பியின் மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், அந்தப் பையன் பெயரையே யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது "இது யார் வீட்டுப் பையன்?" என்று தற்செயலாகக் கேட்டதில் தெரிந்தது.

வீட்டில் ஒத்திக்கு ஆள் இருக்கிறார். பிரச்சினையா?

மதுரைக்காரர்களுக்கு ஒத்தி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. சட்டப்படி அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். பணம் கைக்கு வராமல் அவர் வெளியே போக மாட்டார், ஊரும் அவர் பக்கம்தான் நிற்கும், அதில் நியாயமும் இருக்கிறது.

எனவே வீட்டில் யார் குடியிருந்தாலும் அவரிடம் நேரில் பேசுங்கள். ஒத்தியா, வாடகையா, தொகை எவ்வளவு, எப்போது முடிகிறது? விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்திலிருந்து ஒத்திக்காரருக்கு நேராகக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்தில் போடுங்கள். வீடு காலியாகிச் சாவி கைக்கு வந்த பிறகுதான் பதிவு. "பதிஞ்சிட்டா ஒரு மாசத்துல எந்திரிச்சிருவாங்க" என்பதை நம்பி இரண்டு வருடமாக அலைகிறவரை எனக்குத் தெரியும்.

மனை பெரிது, உள்ளே கிணறு, ஒரு சாமி கல் எல்லாம் இருக்கிறது. நல்லதுதானே?

நல்லதுதான், யாருடையது என்று தெரிந்தால்.

கிணறு பத்திரத்தில் முழுசாக உங்களுக்கு வருகிறதா, "கிணற்றில் பாதி பொதுப் பாத்தியம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பி பிரிந்த மனைகளில் கிணறும் நடைபாதையும் பொதுவில் விட்டிருப்பார்கள். பின்மனைக்காரர் உங்கள் மனை வழியாக முப்பது வருடமாக நடக்கிறார் என்றால் அந்தப் பாதையை நாளைக்கு நீங்கள் கம்பி கட்டி அடைத்துவிட முடியாது. பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர் இருக்கும், நீங்கள் இடிக்கப் போனால் அவர் வீடும் சேர்ந்து ஆடும்.

சாமி கல் விஷயம் இன்னும் நுணுக்கம். கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தால் அது ஒரு கூட்டத்துப் பங்காளிகளின் குலசாமியாக இருக்கலாம். மாசி சிவராத்திரிக்குச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேன் வைத்து வருவார்கள். எங்கள் மனையிலும் உண்டு. வாங்கும் முன்பே பங்காளிகளில் மூத்தவரைப் பார்த்துப் பேசினேன். ரோட்டோரமாக ஒரு சென்ட்டை அளந்து தனியாக விட்டு, அந்தப் பக்கம் வாசல் வைத்து, எழுதிக்கொண்டோம். வருடத்துக்கு ஒரு நாள் வருகிறார்கள், எங்களுக்கும் பொங்கல் கிடைக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

கண்மாய், கோயில் நிலம், இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வே எண்ணை வைத்து ஏ-ரிஜிஸ்டரில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) நிலத்தின் வகை பாருங்கள், புறம்போக்கா, நீர்நிலையா, மானாவாரியா என்று இருக்கும். நகருக்குள் மீனாட்சியம்மன் கோயில் உட்படப் பல கோயில்களுக்குச் சொந்த மனைகள் உண்டு. அங்கே விற்பவருக்குக் கட்டடம் மட்டும்தான் சொந்தம், அடிமனைக்குக் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். விலை மலிவாகச் சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வக்பு நிலத்துக்கும் இதே ஜாக்கிரதை.

பட்டா இருந்தாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மதுரை கண்மாய்களின் ஊர். உலகனேரி, தல்லாகுளம், செல்லூர், மாடக்குளம், வண்டியூர் என்று கண்மாய்களும் வாய்க்கால்களுமாக இருந்த இடம். கிருதுமால் நதி இப்போது சாக்கடையாகத்தான் தெரியும், ஆனால் மழைக்கு ஞாபகம் இருக்கிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் என்ன செய்தது என்று அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். பார்க்கப் போகும் வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாகக் கறைக்கோடு ஓடினால் வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

ரோடு மட்டத்தையும் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஏறும், வீடு அப்படியே இருக்கும். திண்ணை ரோட்டைவிடக் கீழே போய்விட்ட வீடுகள் எத்தனையோ. ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சுண்ணாம்புக் கட்டு வீட்டில் அதை முயற்சி செய்ய எனக்குத் தைரியம் வராது.

விரிசல் இருந்தால் விட்டுவிட வேண்டுமா?

எந்த மண், எப்படிப்பட்ட விரிசல் என்பதைப் பொறுத்தது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அஸ்திவாரம் ஆழம் பத்தாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும், சித்திரையில் விரல் நுழையும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். கார்த்திகையில் புது வெள்ளையடித்துக் காட்டினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டி வேம்போ அரசோ இருந்தால் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இதை இன்னும் மோசமாக்கும். செம்மண், பாறைப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுகிற விரிசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல், மேலே அகலமாகக் கீழே குறுகலாக இருக்கிற விரிசல், கதவு நிலையைக் கோணலாக்கிய விரிசல், இவற்றுக்கு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவகாசம் இருந்தால் விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சிமெண்ட் தடவித் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் அதுவும் பிளந்தால் வீடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஓட்டு வீடா, மச்சா, காங்கிரீட்டா? எது பரவாயில்லை?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், எனக்குப் பயம் 70, 80களின் காங்கிரீட் மீதுதான். ஓடு உடைந்தால் மாற்றலாம், கூரையின் மரச்சட்டம் இற்றால் வேறு போடலாம். தேக்கு உத்தரம் போட்டு மேலே செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு அடித்த மச்சு, மேலே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருடமும் நிற்கும். உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் உளுத்துப்போகும், அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் போச்சு.

காங்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடியிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். முதலில் காட்டிக்கொடுப்பது சன்ஷேடும் பாத்ரூம் மேல்தளமும். கம்பால் தட்டுங்கள், பொத்து பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பிரிந்துவிட்டது. மொட்டை மாடியில் சுருக்கிப் பூச்சும் மேலே பதித்த தட்டோடும் எப்படி இருக்கின்றன, எங்கே பாசி பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு அறையின் சீலிங்குக்கு மட்டும் புது பெயிண்ட், அல்லது புதிதாக பிவிசி சீலிங் என்றால் எனக்கு அந்த அறைதான் முதல்.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும். பிரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம், செட்டிநாட்டுப் பக்கம் இருந்து வருகிறார்கள்.

கரையான்: நிலை, அலமாரி முதுகு, பரண். மண் கோடு தெரிகிறதா பாருங்கள்.

கரண்ட், தண்ணீர்?

மரச்சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய வயரிங் என்றால் மொத்தமாக மாற்ற வேண்டும், பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். மனைக்கு மேலே உயரழுத்தக் கம்பி போகிறதா என்று தலையை நிமிர்த்திப் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை.

தண்ணீரைச் சித்திரை வைகாசியில் பாருங்கள், விற்பவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பெரியாறு கால்வாய்ப் பாசனம் இருக்கிற சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் கிணறே பேசும். கொஞ்சம் தள்ளிப் போனால் போர் ஆழம் நூற்றுக்கணக்கான அடி, அதிலும் உப்பு. கழிவுநீர் உறை எங்கே இருக்கிறது, கிணற்றுக்கு எவ்வளவு தூரம், பழைய கிணறு எதையாவது தூர்த்து மூடியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தூர்த்த கிணற்றின் மேல் அறை கட்டினால் அது இறங்கும்.

பாதியைப் பிரித்து விற்று வீட்டுச் செலவைச் சரிக்கட்டலாமா?

இந்த நினைப்பில்தான் பாதிப் பேர் பெரிய மனை வாங்குகிறார்கள். பின்பாதிக்குத் தனிப் பாதை விட்டாக வேண்டும், மனையாகப் பிரித்து விற்க அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைப் பிரிவைப் பதிவு செய்ய மாட்டார்கள், 20.10.2016-க்கு முந்தைய பிரிவுகளுக்கு மட்டும் வரன்முறை வாய்ப்பு கொடுத்தார்கள். முகப்பு குறுகலாகவும் மனை நீளமாகவும் இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இடித்துப் புதிதாகக் கட்ட நினைப்பவர்களுக்கு: 2024-ல் வந்த சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2,500 சதுரடி வரையிலான மனைக்குத்தான், உங்கள் பெரிய மனை அதில் வராது, வழக்கமான வழிதான். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானமே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். மலைகளிலும் இப்படிப் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும், அதனால் மலையடிவாரத்து மனை அழகாக இருக்கிறதே என்று போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கிரயம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். வாரிசில் ஒருவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியிருந்தால் அவர் பங்குக்குப் பிடித்தம் வேறு, அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்பது விற்பவருக்கான சட்டம், ஆனாலும் "பாதி கையில" என்று கேட்பார்கள். நான் கொடுக்கவில்லை, அதனால் ஒரு வீடு கைவிட்டுப் போனது, வருத்தமில்லை.

ஒப்பந்தம் போட்ட பிறகு வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மரம். பழைய தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, ஊஞ்சல் சங்கிலி, ஆத்தங்குடிக் கல், இதற்கெல்லாம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை. அட்வான்ஸுக்கும் பதிவுக்கும் நடுவில் இவை வேனில் ஏறிப் போகும். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எண்ணிக்கை போட்டு, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள்.

நான் வீடு பார்க்கப் போன முதல் நாள் எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிட்டு, "தம்பி, வாங்குறதுன்னா வாங்கு, ஆனா மழை நாள்ல ஒருக்கா வந்து அடுப்படில நின்னு பாரு" என்றார். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்குக் குடையோடு போய் நின்றேன். மூன்று இடத்தில் ஒழுகியது, அடுப்படி மூலையில் சுவர் நனைந்து ஊறியது. மறுநாள் ஆசாரியைக் கூட்டிப்போய்க் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னேன். முழுசாகக் குறைக்கவில்லை, முக்கால் பங்கு குறைத்தார்கள்.